கோலாலம்பூருக்குப் பதிலாக காம்பார்: மலேசியா செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியா என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கோலாலம்பூர்தான். பத்துமலை, பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா என்று பழக்கப்பட்ட பெயர்கள் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. படிக்கப் போகும் பிள்ளையானாலும் வேலைக்குப் போகும் குடும்பத் தலைவரானாலும் தலைநகரை நினைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். போய்ச் சேர்ந்த பிறகுதான், வாங்கும் பணத்தில் பெரும்பகுதி வாடகைக்கும் போக்குவரத்துக்கும் போய்விடுவது தெரிகிறது. ஊரில் நகையை அடகு வைத்தோ, கல்விக் கடன் வாங்கியோ அனுப்பிய பெற்றோருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

தலைநகரை விட்டு விலகிச் சிறிய ஊரில் தங்கினால் என்ன? இந்தக் கேள்விக்கு நல்ல உதாரணம் பேராக் மாநிலத்தில் உள்ள காம்பார். ஊர் சிறியது. பல்கலைக்கழகம் இருக்கிறது, ரயில் நிற்கிறது, வாடகை குறைவு, சுற்றுவட்டாரத்தில் தமிழர்கள் நூறாண்டுக்கு மேலாக வாழ்கிறார்கள். ஆனால், 'விலை குறைவு' என்ற ஒரே காரணத்துக்காக எல்லோரும் அங்கே போய்விட முடியாது. யாருக்கு இந்த ஊர் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதைப் பார்ப்போம்.

எங்கே இருக்கிறது?

பேராக் மாநிலத் தலைநகரான ஈப்போவுக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில், தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ளது காம்பார். மலேசியத் தமிழர் சிலர் கம்பார் என்றும் எழுதுவார்கள். முன்பு கிந்தா மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், 2009-ம் ஆண்டு பேராக்கின் 10-வது மாவட்டமான காம்பார் மாவட்டத்தின் தலைமையிடம் ஆனது. கோப்பெங், மாலிம் நாவார் போன்ற ஊர்கள் இதே மாவட்டத்தில் உள்ளன. தெற்கே சென்றால் தாப்பா. கேமரன் மலைக்குப் போகும் பழைய சாலை அங்கிருந்துதான் ஏறுகிறது.

சென்னை, திருச்சி ஆகிய ஊர்களிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானங்கள் உள்ளன. பயண நேரம் சுமார் 4 மணி. விமான நிலையத்திலிருந்து கே.எல்.சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு விரைவு ரயிலில் அரை மணி நேரத்தில் போய்விடலாம். அங்கிருந்து இ.டி.எஸ். மின்சார ரயிலில் காம்பாருக்குச் சுமார் 2 மணி நேரம். கோலாலம்பூர் - ஈப்போ இடையே இந்த ரயில் 2010-ல் ஓடத் தொடங்கியது. எல்லா இ.டி.எஸ். ரயில்களும் காம்பாரில் நிற்பதில்லை என்பதால், டிக்கெட் எடுக்கும்போதே நிறுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பண்டிகை விடுமுறைகளில் இடம் கிடைப்பது கடினம். கோலாலம்பூரிலிருந்து பஸ்களும் உள்ளன.

ஈயம் போனது, பல்கலைக்கழகம் வந்தது

காம்பார் ஏன் மலிவாக இருக்கிறது என்பதற்கு அதன் வரலாற்றில் விடை இருக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகின் பெரிய ஈயச் சுரங்கப் பகுதிகளில் ஒன்று. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் சீனத் தொழிலாளர்கள் வந்து குவிய, ஈயத்தை நம்பியே காம்பார் நகரம் எழுந்தது. பழைய கடைத்தெருவில் இன்றும் அக்காலக் கடைவீடுகள் வரிசையாக நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரில், 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை இங்கே நடந்த காம்பார் சண்டையில் பிரிட்டிஷ் படையோடு இந்திய வீரர்களும் ஜப்பானியரை எதிர்த்து நின்றார்கள்.

1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வேலை தேடி இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். சுரங்கம் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நிரம்பி ஏரிகளாயின. முதியவர்களின் ஊர் என்ற பெயர் காம்பாருக்கு வந்தது.

நிலைமையை மாற்றியது கல்வி. 2002-ல் தொடங்கப்பட்ட துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் ('யூடார்') 2007-ல் காம்பாரில் தன் வளாகத்தைத் திறந்தது. அந்தப் பழைய சுரங்க ஏரிகளைச் சுற்றித்தான் வளாகம் அமைந்துள்ளது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் வர, அவர்களுக்காக பண்டார் பாரு எனப்படும் புதுநகர்ப் பகுதியில் வரிசை வீடுகளும் கடைகளும் எழுந்தன. மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காகவே வெளியூர்க்காரர்களும் வீடு வாங்கிப் போட்டார்கள். வீடுகள் நிறைய, குடியிருப்போர் பெரும்பாலும் மாணவர்கள். வாடகை ஏறாமல் இருப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஊரின் வருமானம் மாணவர்களைச் சார்ந்தது. கொரோனா காலத்தில் வகுப்புகள் இணையவழிக்கு மாறியபோது வீடுகள் காலியாகி, கடைகள் தடுமாறின. இப்போதும் பருவ விடுமுறை வந்தால் புதுநகர் வெறிச்சோடிவிடும். பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேலைவாய்ப்பு குறைவு என்பதற்கு இதுவே அடையாளம்.

தமிழர் வேர்கள்

காம்பார் நகரத்தில் சீனர்களே அதிகம். கான்டனீஸ் மொழி கடைத்தெருவில் சாதாரணமாகக் கேட்கும். நகரத்தை விட்டு வெளியே வந்தால் பேராக்கின் ரப்பர் தோட்ட வரலாறு தொடங்குகிறது. தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு என்று தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் மூலம் அழைத்து வரப்பட்டவர்களின் வாரிசுகள் இந்த மாநிலம் முழுவதும் வாழ்கிறார்கள். ரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் வேலை செய்ய வந்த தமிழர்களும் உண்டு.

1950-களிலும் 60-களிலும் வெள்ளையர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது ஏராளமான தமிழ்த் தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தார்கள். அதைத் தடுக்கவே, பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது அந்தச் சங்கம். பின்னர் ரப்பர் போய் செம்பனை வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பட்டணங்களுக்குப் போனார்கள்.

காம்பாருக்கு அருகே பத்து காஜாவில் உள்ள கெல்லி கோட்டை இந்த வரலாற்றின் ஒரு சாட்சி. ஸ்காட்லாந்துக்காரரான தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் தென்னிந்தியத் தொழிலாளர்களைக் கொண்டு கட்டத் தொடங்கிய இந்த மாளிகை, அவர் 1926-ல் இறந்ததால் முழுமை பெறாமல் நின்றுவிட்டது. தொழிலாளர்களுக்காக அவர் அமைத்துக் கொடுத்த மாரியம்மன் கோயிலின் மேல், சாமி சிலைகளுக்கு நடுவே தொப்பியணிந்த அவருடைய உருவமும் இருக்கிறது.

ஆக, காம்பாருக்கு வரும் தமிழர் முற்றிலும் அந்நியமான ஊருக்கு வருவதில்லை. பேராக்கில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகள் அதிகமுள்ள மாநிலம் இதுதான்.

செலவில் எது குறையும்?

சிறிய ஊரில் எல்லாமே மலிவு என்று எண்ணுவது தவறு. மூன்று செலவுகள்தான் உண்மையில் குறைகின்றன: வாடகை, சாப்பாடு, அன்றாடப் பயணம்.

ஒரு மாணவருக்கான மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். காம்பார் புதுநகரில் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கு மாதம் 300 முதல் 400 ரிங்கிட். சாப்பாட்டுக்கு 500 முதல் 600. மின்சாரம், தண்ணீர், இணையத்தில் அவருடைய பங்கு 50 முதல் 80. கைப்பேசிக்கு 35 முதல் 40. உள்ளூர்ப் பயணத்துக்கு 50 முதல் 100. மொத்தம் ஏறக்குறைய 950 முதல் 1,200 ரிங்கிட் வரை.

கோலாலம்பூரில் ரயில் வசதியுள்ள பகுதியில் அதே மாதிரி அறைக்கு 700 முதல் 900 ரிங்கிட் ஆகும். சாப்பாடு 750 முதல் 900, பயணம் 150 முதல் 200 என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றையும் சேர்த்தால் 1,700 முதல் 2,100 வரை வரும். தலைநகரில் 50 ரிங்கிட்டுக்கு மாதம் முழுவதும் ரயிலிலும் பஸ்சிலும் போகலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த 'மை50' சலுகை அட்டை மலேசியக் குடிமக்களுக்கு மட்டுமே.

மாதத்துக்கு 750 முதல் 900 ரிங்கிட் வித்தியாசம் என்றால், மூன்று ஆண்டுப் படிப்புக்கு 27,000 முதல் 32,000 ரிங்கிட் மிச்சமாகும். வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் இந்தத் தொகை மாறும். ஆனாலும் கடன் வாங்கிப் படிக்கும் குடும்பத்துக்கு இது ஓராண்டுக்கு மேலான வாழ்க்கைச் செலவு.

எது குறையாது?

மின் கட்டணம் தீபகற்ப மலேசியா முழுவதும் ஒன்றே. கைப்பேசிக் கட்டணமும் அப்படியே. பல்பொருள் அங்காடிகளில் அரிசி, எண்ணெய் விலையில் பெரிய வித்தியாசம் இராது. விசா, காப்பீடு, மருத்துவப் பரிசோதனைக் கட்டணங்கள் ஊரைப் பார்த்து மாறுவதில்லை.

பெட்ரோல் தனிக் கதை. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய 'பூடி95' திட்டத்தில், ரான்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்குக் கிடைப்பது மலேசியக் குடிமக்களுக்குத்தான். வெளிநாட்டவர் மானியம் இல்லாத விலையைக் கொடுக்க வேண்டும். காம்பாரில் சொந்த வண்டி இல்லாமல் குடும்பம் நடத்துவது சிரமம் என்பதால், இந்தச் செலவைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு நடந்தோ சைக்கிளிலோ போகும் மாணவருக்கு இந்தக் கவலை இல்லை. ஈப்போவுக்கு பஸ் உண்டு. நகருக்குள் 'கிராப்' வாடகைக் கார் கிடைக்கும். ஆனால், இரவு நேரத்திலும் விடுமுறை நாட்களிலும் காத்திருக்க நேரிடும்.

சம்பளம் பெறுவோருக்கு வேறு இரண்டு விஷயங்கள். 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் ஊழியர் சேமநிதி கட்டாயம். ஊழியரிடம் 2 சதவீதமும் முதலாளியிடம் 2 சதவீதமும் பிடிக்கப்படும். அடுத்து வருமான வரி. ஓர் ஆண்டில் 182 நாட்களுக்குக் குறைவாகத் தங்கினால் பொதுவாக வெளிநாட்டவர் என்ற கணக்கில் 30 சதவீத வரி விதிக்கப்படும். ஆண்டின் பிற்பகுதியில் வேலையில் சேருவோர் முதல் ஆண்டு வரியைப் பற்றி நிறுவனத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த வழியில் வருகிறீர்கள்?

காம்பாரில் வாழலாமா என்பதைத் தீர்மானிப்பது உங்கள் கையில் இருக்கும் பாஸ்தான். வாடகை அதற்கு அப்புறம். நான்கு வகையினரைத் தனித்தனியே பார்க்கலாம்.

மாணவர்கள்: இவர்களுக்குத்தான் காம்பார் மிகவும் பொருந்தும். வணிகம், அறிவியல், கணினி, பொறியியல், கலை - சமூக அறிவியல் படிப்புகள் காம்பார் வளாகத்தில் உள்ளன. மருத்துவம் இங்கே இல்லை. அது சிலாங்கூரில் சுங்கை லோங் வளாகத்தில், தமிழரான எம்.கந்தையாவின் பெயரைத் தாங்கிய புலத்தில் நடக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, எந்த வளாகம் என்று பார்க்காமல் பணம் கட்டிவிடக் கூடாது. மாணவர் பாஸுக்கு இ.எம்.ஜி.எஸ். என்ற நிறுவனத்தின் வழியாகப் பல்கலைக்கழகமே விண்ணப்பிக்கும். அனுமதிக் கடிதம் வந்த பிறகே புறப்பட வேண்டும்.

பகுதி நேர வேலை செய்து படித்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வெளிநாட்டு மாணவர்கள் பருவ விடுமுறையிலும், 7 நாட்களுக்கு மேற்பட்ட விடுமுறைகளிலும் மட்டுமே, வாரம் 20 மணி நேரம் வரை, குடிநுழைவுத் துறையின் அனுமதியோடு, குறிப்பிட்ட சில இடங்களில் வேலை செய்யலாம். காம்பாரிலோ அந்த விடுமுறையில்தான் ஊரே காலியாக இருக்கும். எனவே, பகுதி நேர வருமானத்தை நம்பிக் கணக்குப் போடவே கூடாது.

பட்டம் பெற்றுத் திரும்புவோர் இந்தியாவில் அதன் இணைத்தகுதியையும் யோசிக்க வேண்டும். இதற்காக யு.ஜி.சி. 2025-ல் தனி விதிமுறைகளை வெளியிட்டுள்ளது. சேருவதற்கு முன்பே, உங்கள் படிப்பு அவற்றுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

விரிவுரையாளர்கள், நிபுணர்கள்: எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பள வரம்பு உண்டு. அந்த வரம்பு நாடு முழுவதும் ஒன்றுதான். சிறிய ஊர் என்பதற்காகக் குறையாது. சிறிய ஊர் நிறுவனங்கள் தரும் சம்பளம் பல நேரங்களில் அந்த வரம்பை எட்டுவதில்லை. அதனால்தான் காம்பாரில் இருக்கும் வெளிநாட்டு நிபுணர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகம் சார்ந்தவர்களாக இருக்கிறார்கள். சம்பளம் எவ்வளவோ அதைப் பொறுத்துப் பாஸின் வகையும், குடும்பத்தை அழைத்துவரும் உரிமையும் மாறும். வரம்புத் தொகைகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பழைய தகவலை நம்பாமல் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொழிலாளர்கள்: மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் தொடங்கி, ஆகஸ்ட் முதல் எல்லா முதலாளிகளுக்கும் பொருந்துகிறது. ஒரு காலத்தில் நகராட்சிப் பகுதிக்கு ஒரு தொகை, மற்ற ஊருக்கு ஒரு தொகை என்று இருந்தது. 2022 முதல் நாடு முழுவதும் ஒரே தொகை. எனவே, அதே அடிப்படைச் சம்பளத்துக்குக் காம்பாரில் கையில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். ஆனால், வேலை பெர்மிட் குறிப்பிட்ட முதலாளியோடும் துறையோடும் கட்டப்பட்டது. ஊர் பிடிக்கவில்லை, வேறு ஊருக்குப் போகிறேன் என்று மாற முடியாது. ஊரைத் தேர்ந்தெடுப்பவர் முதலாளியே.

ஓய்வு பெற்றோர்: 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டத்தில் 2024-ல் மாற்றங்கள் வந்தன. அதன் கீழ்மட்ட வெள்ளிப் பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகையும், குறைந்தது 6,00,000 ரிங்கிட் மதிப்புள்ள வீடும் வேண்டும். சாதாரண ஓய்வூதியக்காரருக்கு இது எட்டாது. காம்பாரில் சில லட்சம் ரிங்கிட்டுக்கு வீடு கிடைக்கிறதே, வாங்கிப் போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வெளிநாட்டவர் வாங்கக்கூடிய வீடுகளுக்கு மாநில அரசுகள் குறைந்தபட்ச விலை நிர்ணயித்துள்ளன. தேசிய வழிகாட்டியின்படி அது 10 லட்சம் ரிங்கிட். ஆகவே, அந்த மலிவு வீடுகள் மலேசியர்களுக்குத்தான். நமக்கு வாடகை வீடே வழி.

ஏமாற்று வழி எது?

இந்தியர்கள் 2023 டிசம்பர் 1 முதல் 30 நாட்கள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குச் சுற்றுலா செல்லலாம். இச்சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. புறப்படும் முன் இணையத்தில் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். இதில் வேலை செய்யும் உரிமை கிடையாது. "இப்போது சுற்றுலாவாகப் போங்கள், சிறிய ஊர் என்பதால் சோதனை இருக்காது, பிறகு பெர்மிட் போட்டுத் தருகிறோம்" என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சிறிய ஊரில் புதிய முகம் சட்டென்று தெரியும். காலம் கடந்து தங்கினால் தடுப்பு முகாம், அபராதம், நாடு கடத்தல் என்று போய் முடியும்.

குடியேற்றச் சோதனை தேவைப்படும் 'இ.சி.ஆர்.' பாஸ்போர்ட் வைத்திருப்போர் வேலைக்குச் செல்ல இந்திய அரசின் அனுமதி கட்டாயமாக உள்ள நாடுகளில் மலேசியாவும் ஒன்று. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை 'இ-மைகிரேட்' தளத்தில் பார்க்கலாம். அவர் வசூலிக்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் ரூ.30,000-மும் ஜி.எஸ்.டி.-யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அது சட்டப்படியான கட்டணம் அல்ல. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் அணுகலாம்.

வீடு எடுக்கும்போது

மலேசியாவில் வாடகை வீட்டுக்குப் பொதுவாக இரண்டு மாத வாடகை முன்வைப்பு, மின்சாரம் - தண்ணீருக்காக அரை மாத வாடகை, முதல் மாத வாடகை ஆகியவற்றை முதலிலேயே கேட்பார்கள். மாதம் 1,000 ரிங்கிட் வீட்டுக்கு 3,500 ரிங்கிட் கையில் வேண்டும். மாணவர் அறைகளுக்கு இது குறையலாம். ஒப்பந்தத்துக்கு முத்திரைத்தாள் கட்டணம் செலுத்தியிருந்தால்தான் பிரச்சினை வரும்போது அது செல்லுபடியாகும். பல்கலைக்கழகப் பருவ அட்டவணையைப் பார்த்து ஒப்பந்தக் காலத்தை முடிவு செய்தால், விடுமுறைக்கும் சேர்த்து வாடகை கொடுப்பதைத் தவிர்க்கலாம்.

மலேசிய வாடகை விளம்பரங்களில் 'இன்ன இனத்தவருக்கு மட்டும்' என்ற குறிப்பு வருவதுண்டு. காம்பாருக்கும் இது விதிவிலக்கு அல்ல. மனம் தளர வேண்டியதில்லை. முன்பே அங்கு இருக்கும் இந்திய மாணவர்கள் வழியாகவோ, பல்கலைக்கழக மாணவர் நலப் பிரிவு வழியாகவோ தேடினால் வீடு கிடைக்கும். வீட்டை நேரில் பார்க்காமல், விளம்பரப் படத்தை நம்பி ஊரிலிருந்தே முன்பணம் அனுப்ப வேண்டாம். முதல் சில நாட்களுக்கு விடுதியில் தங்கி, பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் அந்தப் பகுதியைச் சுற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மருத்துவம், பள்ளி

காம்பாரில் அரசு மருத்துவமனை உள்ளது. பல்கலைக்கழகம் சார்ந்த, லாப நோக்கமற்ற யூடார் மருத்துவமனையும் வந்துள்ளது. பெரிய சிகிச்சைகளுக்கு ஈப்போவிலுள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் அரசு மருத்துவமனைக்கோ, தனியார் மருத்துவமனைகளுக்கோ போக வேண்டும். மலேசியர் அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிச் சீட்டுக்கு ஒரு ரிங்கிட் கொடுப்பதைப் பார்த்து நமக்கும் அப்படித்தான் என்று நினைக்கக் கூடாது. வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். உள்நோயாளியாகச் சேர்ந்தால் அது பெரிய தொகை. காப்பீடு இல்லாமல் ஒரு நாள்கூட இருக்க வேண்டாம். தொடர் சிகிச்சை தேவைப்படும் முதியவர்களோ, இதயம் - சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களோ குடும்பத்தில் இருந்தால், ஈப்போவில் வீடு எடுத்துக் காம்பாருக்குப் போய்வருவது பாதுகாப்பானது.

பிள்ளைகளின் பள்ளியும் அப்படித்தான். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகளிலும் வெளிநாட்டவரின் பிள்ளைகளைச் சேர்க்கக் கல்வித் துறையின் அனுமதி வேண்டும். பாட மொழியும் பாடத்திட்டமும் இந்தியப் பள்ளிகளைப் போல இராது. பன்னாட்டுப் பள்ளி காம்பாரிலேயே உண்டு. ஆனால், ஒரு பிள்ளையின் கட்டணமே வாடகையில் மிச்சப்படுத்திய தொகையை விழுங்கிவிடக்கூடும். இரண்டு பிள்ளைகளோடு வருபவர், பள்ளிக் கட்டணத்தை நிறுவனம் ஏற்குமா என்பதை வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே பேசிவிட வேண்டும்.

துணைவருக்குச் சார்ந்தோர் பாஸ் கிடைத்தாலும், தனி அனுமதி இல்லாமல் வேலை செய்ய முடியாது. அனுமதி கிடைத்தாலும் காம்பார் போன்ற ஊரில் வேலை கிடைப்பது அரிது. இருவரும் சம்பாதிக்கும் குடும்பம் ஒருவர் சம்பளத்துக்கு இறங்கினால், வாடகைக் குறைவு அந்த இழப்பை ஈடுகட்டாது.

சாப்பாடு, கோயில், மொழி

காம்பார் சீன உணவுக்குப் பெயர் பெற்றது. மண்சட்டிக் கோழிச் சோறும், ரொட்டிக்குள் கோழிக் கறி வைத்துச் சுட்ட 'கறி ரொட்டி'யும் சாப்பிடவே வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். இட்லி, தோசை, ரொட்டி சானாய்க்கு இந்திய உணவகங்களும் மாமாக் கடைகளும் உள்ளன. தேர்வு குறைவு. சைவம் சாப்பிடுவோருக்குச் சீன சைவக் கடைகள் கைகொடுக்கும். ஆனால், அங்கு முட்டை சேர்ப்பார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. வெங்காயம், தக்காளி, பருப்பு உள்ளூரிலேயே கிடைக்கும். நம்மூர் மளிகை, பூ, பூஜைப் பொருள், தீபாவளித் துணி எல்லாவற்றுக்கும் ஈப்போவின் லிட்டில் இந்தியா போக வேண்டும்.

வட்டாரத்தில் மாரியம்மன், முருகன் கோயில்கள் உள்ளன. தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோ சுப்பிரமணியர் ஆலயத்துக்குக் காவடிகள் வரிசையாக வரும். ஈப்போவின் புந்தோங் பகுதி, கச்சாங் பூத்தே எனப்படும் கடலை, முறுக்கு, பகோடா வகைகளுக்குப் பெயர் பெற்ற தமிழர் குடியிருப்பு. வாரம் ஒருமுறை அந்தப் பக்கம் போய்வந்தால் ஊர் ஞாபகம் கொஞ்சம் தணியும்.

மொழியைப் பொறுத்தவரை, வளாகத்துக்குள் ஆங்கிலம் போதும். வெளியே மலாய் தெரிந்தால் மரியாதை. கோலாலம்பூரில் தமிழிலேயே காலம் தள்ளிவிடலாம். காம்பாரில் அது நடக்காது. எண்கள், நாட்கள், சாப்பாடு, வழி கேட்பது என்று நூறு மலாய்ச் சொற்களைப் புறப்படும் முன்பே கற்றுக்கொள்ளுங்கள். உள்ளூர்த் தமிழரிடம் பேசும்போதும் சில சொற்கள் வேறுபடும். 'பசியாறியாச்சா' என்று கேட்டால், காலை உணவு சாப்பிட்டீர்களா என்று பொருள்.

யாருக்குப் பொருந்தும்?

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த மாணவர், ஆய்வாளர், அங்கேயே வேலை உறுதியான தனி நபர் ஆகியோர் தயங்காமல் காம்பாருக்குப் போகலாம். சம்பளத்தையோ கடனையோ விழுங்காமல் வாழ முடியும். வார இறுதியில் ரயிலேறினால் கோலாலம்பூர் இரண்டு மணி நேரம்.

பிள்ளைகளின் படிப்பு, துணைவரின் வேலை, முதியோரின் மருத்துவம் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் ஈப்போவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தலைநகரைவிட அங்கே வாடகை குறைவு. காம்பாரைவிட வசதி அதிகம்.

கையில் வேலையோ படிப்போ இல்லாமல், "செலவு குறைவு, அங்கே போய் ஏதாவது தேடிக்கொள்ளலாம்" என்று நினைப்பவருக்குக் காம்பார் பொருந்தாது. தேடுவதற்கான வேலைகள் தலைநகரில்தான் அதிகம். அங்கும் சட்டப்படியான பாஸ் இல்லாமல் தேட முடியாது.

புறப்படும் முன் ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வைத்திருங்கள். எந்த வளாகம், எந்த அலுவலகம்? பாஸ் யார் பெயரில், எந்த வகையில், எத்தனை மாதத்துக்கு? முதல் மூன்று மாதச் செலவுக்கும் வீட்டு முன்பணத்துக்கும் கையில் எவ்வளவு இருக்கிறது? காப்பீடு எந்த மருத்துவமனையில் செல்லும்? அந்தப் படிப்போ வேலையோ நின்றுபோனால் திரும்பி வர டிக்கெட் பணம் தனியாக இருக்கிறதா? ஐந்துக்கும் பதில் இருந்தால் வாடகைக் கணக்கைப் பார்க்கத் தொடங்கலாம். அங்கிருந்து பார்த்தால் காம்பார் நிச்சயம் லாபம்.